இரண்டாம் கைரேகை

மார்ச் 3, திங்கள்

ரிசப்ஷன் மேசையில் கீபோர்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிறோமே, அந்தப் பிளாஸ்திரி. அதன் மேல் பால்பாயிண்ட் பேனாவில் பாஸ்வேர்டு. ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. அது டீயா, வேறு ஏதாவதா என்று நான் ஆராயவில்லை. டிஷ்யூ காகிதத்தால் பிடித்து உரித்துப் போட்டுவிட்டுக் கை கழுவினேன். பிறகு இன்னொரு முறை கழுவினேன்.

காலையில் ஒரு பெண் வந்திருந்தாள். போன வாரம் எங்கள் லேபில் கர்ப்பப் பரிசோதனைக்குக் கொடுத்தவள். ரிசல்ட் அவள் கைக்குப் போவதற்கு முன்பே அவளுடைய அண்ணனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “என் ரிப்போர்ட்டை யாரு பார்த்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க மேடம்” என்று மெதுவாகக் கேட்டாள்.

இந்தக் கிளையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பதிவை எடுத்துப் பார்த்தேன். ‘ரிசப்ஷன்’ என்று இருக்கிறது. அந்தப் பெயரில் மேசையில் உட்காருகிறவர்கள், ரத்தம் எடுக்கிறவர்கள், பில் போடுகிறவர்கள் எல்லாரும் நுழைகிறார்கள். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. சண்டை வந்துவிடக் கூடாது என்று அப்படியே விட்டிருக்கிறார்கள். “தெரியலம்மா” என்றேன். அவள் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் குணசீலன் வழக்கம்போல என் பையை வாங்கி வைத்து, போனை எடுத்து சார்ஜில் போட்டார். தோசை வார்த்து வைத்திருந்தார். தில்லை நகர்க் கிளையில் என்னோடு வேலை பார்க்கிற அத்தனை பெண்களுக்கும் இந்த விஷயத்தில் என் மேல் பொறாமை.

மார்ச் 5, புதன்

கிளை மேலாளர் பிரிட்டோ சார் கூட்டம் போட்டார். இனி யாருக்கும் பாஸ்வேர்டு கிடையாது, எல்லாருக்கும் பாஸ்கீ. திட்டம் என்னுடையது. ஆறு மாதமாக அவர் மேசையில் கிடந்தது. ஒரு பெண் அடி வாங்கினால்தான் அவர்களுக்குக் காகிதத்தைப் புரட்ட மனசு வரும் போலிருக்கிறது.

ரிசப்ஷன் ஷகிலாவுக்குத்தான் குழப்பம் அதிகம். “பாஸ்வேர்டே இல்லாம எப்படிக்கா உள்ள போறது?”

“பாஸ்வேர்டுன்னா ஒரு ரகசியம், ஷகிலா. உனக்கும் தெரியும், கம்ப்யூட்டருக்கும் தெரியும். ஒரு தடவை நீ வாய் விட்டுட்டா ஊருக்கே தெரியும். பாஸ்கீ அப்படியில்ல. சாவி உன் போனுக்குள்ளயே இருக்கும். உனக்கே அது என்னன்னு தெரியாது. நீ விரல் வச்சா போன் அந்தச் சாவியால கையெழுத்துப் போட்டு அனுப்பும். அவ்வளவுதான்.”

“அப்ப நான் யாருக்கும் சொல்லணும்னு நெனச்சாலும் சொல்ல முடியாது?”

“முடியாது.”

“நல்லதாப் போச்சு. ஆளாளுக்குக் கேட்டா எனக்கு இல்லைன்னு சொல்ல வராதுக்கா.”

கணக்குப் பிரிவு சந்தானம் சார் ஒருவர்தான் உருப்படியாகக் கேட்டார். “போன் தொலைஞ்சா?” என்னிடம் வந்தால் பழைய சாவியை ரத்து செய்துவிட்டுப் புதியது போட்டுத் தருவேன் என்றேன். “போனைத் தொலைக்காம வேற ஒருத்தன் எடுத்துக்கிட்டா?” உங்கள் விரல் இல்லாமல் திறக்காது சார் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 12, புதன்

எல்லாருக்கும் போட்டு முடித்தாயிற்று. எத்தனை விரல்கள்! எண்ணெய்ப் பிசுக்கு, நகக் கண்ணில் சாம்பார், எச்சில் தொட்டுக் காகிதம் புரட்டுகிற விரல். ரசாயனத்தில் புழங்கிப் புழங்கி லேப் ஆட்களுக்கு ரேகையே தேய்ந்து கிடக்கிறது. அவர்களுக்கு பின் நம்பர் வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொருவர் போனையும் வாங்கித் துடைத்துத் துடைத்து என் கை வறண்டுவிட்டது.

பழைய பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் அழித்தேன். என்னுடையதையும். ஒன்பது வருடம் வைத்திருந்த பாஸ்வேர்டு. எங்கும் எழுதியதில்லை, எவரிடமும் சொன்னதில்லை. வீட்டிலிருந்தபடி எந்த நோயாளியின் ரிப்போர்ட்டையும் திறக்கிற அட்மின் உரிமை எனக்கு மட்டும் உண்டு. இனி அதற்கும் என் போன்தான்.

சுற்றறிக்கையை நானே எழுதினேன். “பாஸ்கீ மூலம் நடைபெறும் எந்தச் செயலும் சம்பந்தப்பட்ட பணியாளரே செய்ததாகக் கருதப்படும். மறுப்பு ஏற்கப்பட மாட்டாது.” சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டி, எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

பலன் தெரிந்துவிட்டது. எங்கள் லேபின் பெயரிலேயே ஒரு போலி மின்னஞ்சல், அழுத்தினால் எங்கள் பக்கம் மாதிரியே ஒரு பக்கம். இணைய முகவரியில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஷகிலா அதில் நுழையப் பார்த்திருக்கிறாள். போன் அசையவே இல்லை. “என்னக்கா இது, சாவியே இல்லைங்குது?” என்று என்னிடம் ஓடி வந்தாள். இருக்காதுதான். வேறு பக்கத்துக்கு அந்தச் சாவி செல்லாது. மனுஷக் கண் ஏமாந்தாலும் போன் ஏமாறவில்லை.

போன மாதமாக இருந்தால் பாஸ்வேர்டைத் தட்டிக் கொடுத்திருப்பாள். நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது. எவனோ ஒருவன் உட்கார்ந்து எங்கள் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அச்சாக வரைந்திருக்கிறான்.

மார்ச் 19, புதன்

சென்னை வேலைக்கான நேர்முகம் முடிந்தது. தகவல் பாதுகாப்புப் பொறுப்பு, எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து. தலைமை அலுவலக ஹேமலதா மேடம் நன்றாகப் பேசினார். குணசீலனிடம் இன்றுதான் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. “கிடைச்சா பார்ப்போம்” என்றார். என் முகத்தைப் பார்த்தே எல்லாம் கண்டுபிடித்துவிடுவார்.

சாப்பிடும்போது கீழ் வீட்டு அந்தோணி பைக்கை உதைக்கிற சத்தம் கேட்டது. குணசீலன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “இவனுக்கெல்லாம் எங்க புள்ள பொறக்கப்போவுது? சரக்கே இல்லாத பய” என்று சிரித்தார். அந்தோணிக்கும் ஜெயசீலிக்கும் கல்யாணமாகி ஆறு வருடம். குறை யாரிடம் என்று இவருக்கு எப்படித் தெரியும்? இவர் வேலை பார்க்கிற இன்ஷூரன்ஸ் ஆபீசில் ஆண்கள் உட்கார்ந்து இப்படித்தான் கண்டதையும் பேசுவார்கள் போல. பாதிச் சோற்றோடு எழுந்தேன். தட்டைக் கழுவி வைத்தேன்.

மார்ச் 24, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது! பணியாளர் தளத்தில் உத்தரவு வந்திருக்கிறது. வெள்ளிக்குள் ஏற்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று அழுத்தி, பாஸ்கீயால் உறுதி செய்ய வேண்டும்.

வீட்டில் சொல்வதற்குள் அம்மா போன் செய்துவிட்டாள். “நாப்பத்தி ரெண்டு வயசுல சென்னைல தனியாக் குடித்தனம் பண்ணப்போறியாமே?” யார் சொன்னது என்றேன். “மாப்பிள்ளைதான். மத்தியானமே பேசினாரு. பாவம், குரலே இல்ல.”

மத்தியானம் எனக்கே தெரியாது. உத்தரவை நான் பார்த்தது சாயங்காலம்தான். ஒருவேளை அம்மாவுக்கு நேரம் குழம்பியிருக்கலாம். இல்லையென்றால் நான் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது போனில் அறிவிப்பு ஏதாவது தெரிந்திருக்கும்.

குணசீலன் கோபிக்கவில்லை. “உன் இஷ்டம், தமயந்தி. நான் என்னைக்கு உன்னைத் தடுத்திருக்கேன்?” என்றார். உண்மைதான்.

மார்ச் 27, வியாழன்

ஏற்கிறேன் என்று அழுத்தப் போனேன். பொத்தானைக் காணோம். “இப்பணியை நீங்கள் மறுத்துள்ளீர்கள்” என்று இருந்தது. கீழே குறிப்பு:

“குடும்பச் சூழ்நிலை காரணமாக இவ்வாய்ப்பை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன். பொறுத்தருள்க.”

பொறுத்தருள்க. எங்கள் நிறுவனத்தில் இந்தச் சொல்லை என்னைத் தவிர வேறு எவரும் எழுதுவதில்லை. எல்லாரும் கேலி செய்வார்கள். என் புடவையைக் கட்டிக்கொண்டு யாரோ கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

மார்ச் 28, வெள்ளி

ஹேமலதா மேடத்துக்குப் போன் செய்தேன். நான் மறுக்கவில்லை என்றேன்.

“புதன்கிழமை காலைல உங்க போன்லேர்ந்து, உங்க பாஸ்கீல வந்திருக்கு தமயந்தி. உங்க வீட்டு இணைப்புதான்.”

“நான் பண்ணல மேடம்.”

“பாஸ்வேர்டா இருந்தா யாரோ திருடிட்டாங்கன்னு எடுத்துக்கலாம். பாஸ்கீல மறுப்பு ஏற்க முடியாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?” பிறகு குரலைத் தணித்து, “மனசு மாறினா மாறினதுன்னு சொல்லுங்க, தப்பில்ல. ஆனா சேலம் கிளைக்காரர் நேத்தே ஏத்துக்கிட்டாரு” என்றார்.

புதன் காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது.

முதலில் ஷகிலாவைச் சந்தேகித்தேன். வெட்கமாக இருக்கிறது. அவள் என் வீட்டுப் படி ஏறியதே இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து போனின் அமைப்பைத் திறந்தேன். கைரேகைப் பகுதியில் இரண்டு பதிவுகள். அங்கே விரலை வைத்தால் அந்த விரலுக்குரிய பதிவு மட்டும் மின்னும். வலது கட்டைவிரலை வைத்தேன், முதலாவது மின்னியது. மற்ற விரல்களையும் வைத்தேன். இடது கை, வலது கை, சுண்டுவிரல் வரை. இரண்டாவது மின்னவே இல்லை.

பதிவு பழையதாக இருக்கலாம். என் விரலே தேய்ந்திருக்கலாம். கடையில் வாங்கும்போது விற்றவன் சோதித்துப் பார்த்ததாக இருக்கலாம்.

இதையெல்லாம் எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். யாருக்காக எழுதுகிறேன்?

மார்ச் 29, சனி

காலையில் இட்லி வைத்தார். போனை அவர் முன்னால் நீட்டினேன். “விரல் வைங்க.”

ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. சட்னி தொட்ட கட்டைவிரலை லுங்கியில் துடைத்துவிட்டு வைத்தார். திறந்தது.

“இதுல என்ன இருக்கு? உனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தப்ப போட்டது. நீதானே பின் நம்பர் சொன்ன? நீ மயக்கத்துல கிடந்தப்ப எல்லாருக்கும் யாரு போன் பண்ணினா?”

“அப்புறம் ஏன் எடுக்கல?”

“எதுக்கு எடுக்கணும்? நான் என்ன வெளியாளா?”

“வேலை வேணாம்னு எழுதினது நீங்கதானே?”

“நீ எழுதுற மாதிரியேதான் எழுதினேன். மரியாதையா.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. சத்தியமாக இருந்தது. “நீயே வெள்ளிக்கிழமை வரைக்கும் தவிச்சுட்டுக் கடைசில வேணாம்னுதான் போட்டிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை? உன் தலைவலியைக் குறைச்சேன். ரெண்டு இட்லி வச்சுக்கோ.”

அந்த விரலாலேயே இட்லியை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் தட்டோடு எடுத்துப் போய்க் குப்பைக் கூடையில் கவிழ்த்தேன்.

ஒன்பது வருடம் பாஸ்வேர்டு என் மண்டைக்குள் இருந்தது. அங்கே இவருக்கு வழியில்லை. நானாகவே அதை அழித்துவிட்டு, இவர் தினமும் வாங்கி சார்ஜில் போடுகிற பொருளுக்குள் சாவியைக் கொண்டுபோய் வைத்தேன். ஊர்த் திருடன் ஒருவனாலும் உள்ளே வர முடியாதுதான். அதில் நான் சொன்னது எல்லாமே சரி.

மார்ச் 30, ஞாயிறு

ஹாஸ்டலிலிருந்து மகள் இனியா பேசினாள். சுற்றி வளைக்காமல் கேட்டேன். “உன் போன்ல அப்பா விரல் இருக்கா?”

“பிளஸ் டூ படிக்கும்போது இருந்துச்சும்மா. ஹாஸ்டல் வந்த அன்னிக்கே அழிச்சிட்டேன்.”

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“உனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா.”

ஏப்ரல் 1, செவ்வாய்

சாவியை ரத்து செய்வது லேபில்தான் முடியும்; சனிக்கிழமை நான் போகவில்லை, நேற்று விடுமுறை. இன்று போன உடனே முதல் வேலையாக என் சாவியை ரத்து செய்துவிட்டு, லேப் கம்ப்யூட்டரிலேயே புதியது போட்டுக்கொண்டேன். போனில் அவருடைய ரேகையை மட்டும் அழிக்கவில்லை. இருக்கட்டும் என்று தோன்றியது.

பிறகு, செய்ய வேண்டியதைச் செய்தேன். மார்ச் 12க்குப் பின் என் பெயரில் திறக்கப்பட்ட ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் பார்த்தேன். நான் திறக்காதவை மூன்று. எல்லாம் வீட்டிலிருந்து, நான் குளிக்கிற நேரத்தில்.

ஒன்று, அவருடைய ஆபீஸ் மேனேஜரின் ரத்தப் பரிசோதனை. இன்னொன்று, அந்தோணியின் விந்தணுப் பரிசோதனை. மூன்றாவது ஒரு பெண், இருபத்தொன்பது வயது. பெயரைப் பார்த்து யார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்த ரிப்போர்ட்டைத் திறக்கவில்லை. திறந்தால் நானும் பார்த்தவள் ஆகிவிடுவேன்.

அப்பளம் நொறுங்குகிற சத்தம் காதிலேயே இருக்கிறது. அந்தச் சாப்பாட்டு மேசையில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

நடந்ததை எழுதி பிரிட்டோ சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இதைக் கிழிச்சிடுங்க தமயந்தி. பதிவுல உங்க பேருதான் இருக்கு. அட்மின் ரிப்போர்ட்டைத் திறக்கிறது சகஜம். ஒரு ஆளு கேட்கப்போறதில்ல.”

“அவங்க ரிப்போர்ட்டை ஒரு வெளியாள் பார்த்திருக்காரு சார்.”

“வெளியாளா? உங்க வீட்டுக்காரர்தானேம்மா. நீங்க போனை ஒழுங்கா வச்சுக்கலைன்னு முதல்ல உங்க தலைதான் உருளும். லேபுக்கும் கெட்ட பேரு. எவ்வளவு கஷ்டப்பட்டுப் பாஸ்கீ கொண்டுவந்தோம்!”

அவர் சொன்னபடி விட்டுவிட்டால் எல்லாம் நான் செய்ததாகவே இருந்துவிடும், எவருக்கும் தெரியாது. ஒரு நிமிஷம் யோசித்தேன். காகிதத்தைத் திரும்ப வாங்கி, ஹேமலதா மேடத்துக்கு நகல் என்று அடியில் சேர்த்து மறுபடி அவர் மேசையில் வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்த கடிதம் வந்துவிட்டது. ஷகிலா என் டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். “எங்க வீட்டுக்கு வாங்கக்கா. அம்மா மட்டும்தான் இருக்கு” என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

ஜெயசீலியிடம் சொல்லாமல் அந்த வீட்டை விட்டுக் கிளம்பக் கூடாது என்று காலையிலேயே கீழே இறங்கினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “வாங்கக்கா, காப்பி போடட்டா?” என்றாள். வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். எந்த ரிப்போர்ட், யார் திறந்தது, எப்படித் திறந்தது.

கீரைக் காம்பை விரலால் கிள்ளிக்கொண்டே இருந்தாள். “போன வாரம் படியில பார்த்தப்ப உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமாக்கா? ‘பூசணி விதை சாப்பிடு தம்பி, புள்ள பொறக்கும்’னாரு. அவர் ஏன் அப்படிச் சொன்னாருன்னு அன்னிலேர்ந்து எங்களுக்குள்ள சண்டை. நான்தான் யார்கிட்டயோ உளறிட்டேன்னு அவரு என்கூடப் பேசறதில்ல.”

மன்னிப்புக் கேட்டேன்.

“அதெல்லாம் வேணாம்” என்றாள். “இப்ப சொன்னதை அவர்கிட்டயும் சொல்லுங்க. அப்புறம் போலீஸ்ல சொல்லுங்க. சொல்லுவீங்களா?”

சொல்வேன் என்றேன். உள்ளே போய் அந்தோணியைக் கூட்டி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

மேலே போய்த் துணிகளை எடுத்தேன். குணசீலன் கதவோரம் நின்று, “ஒரு போனுக்காகவா தமயந்தி?” என்றார். மத்தியானம் அம்மாவும் அதையே கேட்டாள், வார்த்தை மாறாமல்.

ஏப்ரல் 7, திங்கள்

ஷகிலா வீடு. அவள் அம்மா என்னை ஒன்றும் கேட்பதில்லை. இரண்டு வேளை சாப்பிட முடிகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

சைபர் கிரைம் காவல் நிலையம். புகார் ஜெயசீலியும் அந்தோணியும் கொடுத்தது. நான் சாட்சி. விசாரணை முடிகிறவரை எனக்கு வேலை இல்லை என்றும், பிறகு தஞ்சாவூர்க் கிளையில் ரிசப்ஷன் என்றும் நேற்றுக் கடிதம் வந்தது. வேறு கடிதமாக, சுற்றறிக்கையில் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுவதாக ஹேமலதா மேடம் எழுதியிருந்தார். போனில் வேறு யாருடைய ரேகையும் இல்லை என்று ஒவ்வொருவரும் காட்டிய பிறகே இனிப் பாஸ்கீ தருவார்களாம்.

குணசீலன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். விசாரித்தது ஒரு பெண் எஸ்.ஐ. அவரிடம் குணசீலன், “இது எங்க குடும்ப விஷயம் மேடம். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஒரு சின்ன மனஸ்தாபம்” என்றார், அந்த இதமான குரலில்.

பெஞ்சிலிருந்து ஜெயசீலி கேட்டாள். “என் புருஷனோட ரிப்போர்ட்டும் உங்க குடும்ப விஷயமா?”

எஸ்.ஐ. என் போனை மேசை மேல் வைத்து, “விரலை வைங்க சார்” என்றார். எஸ்.ஐ. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு வைத்தார். எல்லார் முன்னிலையிலும் திறந்தது. திரையில் இனியாவின் படம்.

எஸ்.ஐ. மூன்று ரிப்போர்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். மேனேஜர் விஷயத்தில் குணசீலன் ஏதோ மழுப்பினார். அந்தோணி விஷயத்தில் “தெரியாம அழுத்திட்டேன்” என்றார். கடைசியாக, “இந்தப் பொண்ணு யாரு? இவங்க ரிப்போர்ட்டை எதுக்குப் பார்த்தீங்க?” என்று எஸ்.ஐ. கேட்டபோது அவர் வாய் அடைத்துவிட்டது. கழுத்தில் வியர்வை வழிந்து காலர் நனைந்தது. அந்த நிலையில் அவரை நான் பார்த்ததே இல்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

“தமயந்தி, நீயாவது ஏதாவது சொல்லேன்.”

எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் எஸ்.ஐ.யிடம்தான் சொன்னேன்.

“அவருக்காக நான் எதுவும் பேச மாட்டேன் மேடம். அவரே சொல்லட்டும். அவர் வாயால.”